கண் இழந்தவர் கண்ட நண்டு

(அம்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. உரைக்கு முன் சுந்தரரின் திருமுல்லைவாயில் பதிகம் முழுவதும் பாடப்பட்டது. அவையில் இருந்தவர்கள் கையில் அதன் நகல் இருந்தது.)



ஓதுவார் பாடி முடித்த கையோடு ஒருவன் எழுந்து விளக்கம் சொல்ல வருவது கொஞ்சம் அநியாயமான காரியம். காம்போதி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குள் சீர், மோனை, எதுகை என்று நான் ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தக்கேசிப் பண் என்று குறிக்கப்பட்ட பதிகங்களை ஓதுவார்கள் காம்போதியில் பாடுவது வழக்கம். நீங்கள் கேட்டது அதைத்தான்.

பாட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதனால் அடிகளை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று தொட்டுக் காட்டுவேன். தாளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஒரு பாட்டின் வடிவத்தையும் பொருளையும் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தபோது, சங்கப் பாட்டு ஒன்றை எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். ஏழாம் திருமுறையின் 69ஆம் பதிகம் அந்த ஊரில் பிறந்த பாட்டு. இதை விட்டுவிட்டு மதுரைக்கும் பூம்புகாருக்கும் எதற்குப் போக வேண்டும்? சீர்காழிப் பக்கம் இன்னொரு திருமுல்லைவாயில் உண்டு. சம்பந்தர் பாடியது அதை. அதனால் நம் ஊரை வட திருமுல்லைவாயில் என்பார்கள்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, திருவொற்றியூருக்கு வந்த சுந்தரர் ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியாரைக் கண்டு விரும்புகிறார். உன்னைப் பிரியேன் என்று கோயிலில் சத்தியம் செய்துகொடுக்க வேண்டும் என்பது பேச்சு. சத்தியம் செய்யும் நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே ரகசியமாகச் சொல்லிவைக்கிறார் சுந்தரர். சிவன் அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு, மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சங்கிலியின் கனவில் போய்ச் சொல்லிவிடுகிறார்! மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை மரத்தடியில் சத்தியம் செய்கிறார். வசந்த காலம் வருகிறது. ஆரூர் விழாவும் பரவையாரும் நினைவுக்கு வர, ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. அந்த நிலையில் அவர் வந்து சேர்ந்த ஊர் திருமுல்லைவாயில்.

இந்த வரிசையை நமக்குச் சொல்பவர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் குன்றத்தூர்தான் அவர் ஊர். ஆனால் சுந்தரருக்கும் அவருக்கும் நடுவே சில நூற்றாண்டுகள் கிடக்கின்றன. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஆகவே, கதையை நம்பிப் பாட்டை வாசிக்கிறாயா என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. என் பதில் மூன்றாம் பாட்டில் இருக்கிறது. சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவனே என்ற பொருளில் சுந்தரரே அங்கே வாய்விட்டுச் சொல்கிறார். கதையில் எது பிற்காலத்தில் சேர்ந்தது, எது சேராதது என்ற விசாரணை ஒருபுறம் நடக்கட்டும். பாட்டுக்குள்ளே பேசுகிறவன் கண் இழந்தவன். வாசிக்கிறவனுக்கு அது போதும்.

இனி வடிவம். ஒரு பாட்டுக்கு நான்கு அடி. ஓர் அடிக்கு ஏழு சீர். இலக்கணப் புத்தகத்தில் எழுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம் என்று பயமுறுத்துகிற பெயர் இருக்கும். வாயில் வைத்துப் பார்த்தால் எளிமையானது. நாலு சீருக்கு ஒரு மூச்சு, மூன்று சீருக்கு ஒரு மூச்சு. முதல் மூச்சில் ஏறுகிறது, இரண்டாவதில் இறங்குகிறது. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியைத் தொடங்கும் ஓட்டமும் இதுதான். உருகி முறையிட வேண்டுமானால் தமிழில் இதைவிட வாகான ஓட்டம் குறைவு என்பது என் அபிப்பிராயம். ஏறும்போது சொல்லிவிட்டு இறங்கும்போது தழுதழுக்கலாம்.

ஆக ஒரு பாட்டுக்கு 28 சீர். பத்துப் பாட்டிலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். என் துன்பத்தைக் களைய மாட்டாயா என்ற வேண்டுதலும், அதைத் தொடர்ந்து இரண்டு விளிகளும். இவை கடைசி ஐந்து சீரை எடுத்துக்கொள்கின்றன. அந்த இரண்டு விளிகளைக் கவனியுங்கள். ஒன்று பாசுபதா. மற்றொன்று பரஞ்சுடரே. பழைய பதிப்புகளில் சீர் பிரித்து அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். யாப்பு இந்த இரண்டு சொற்களையும் வெட்டி ஒட்டி மூன்று சீராக்கிவிடுகிறது. வெட்டிய வெட்டில் கடைசிச் சீராகத் தனியே நிற்பது 'சுடரே' என்பது மட்டும். கண் தெரியாத ஒருவர் ஒரு பாட்டு முடிந்ததும் சுடரே என்கிறார். அடுத்த பாட்டு முடிந்ததும் சுடரே என்கிறார். பத்து முறை.

இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் இந்த வடிவம் இன்னொரு வேலையும் செய்கிறது. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

ஒவ்வொரு பாட்டிலும் நான்காம் அடியின் முதல் சொல்லைப் பாருங்கள். பரவிடும், பாடிய, பண்ப, பன்னலம், பந்தனை, பற்றிலேன், பணியது, பைம்பொனே, பட்டனே, பல்கலை. எல்லாம் பகர வரிசை. காரணம் எளிது. அடியின் இரண்டாம் மூச்சு பாசுபதா என்று தொடங்குகிறது. அதற்கு மோனையாக அடியின் முதல் சீரும் பகரத்தில் தொடங்க வேண்டும். கூடவே எதுகைக் கடனும் உண்டு. மேலே மூன்று அடிகளில் இரண்டாம் எழுத்து எப்படி வந்ததோ, அப்படியே இங்கும் வர வேண்டும். மணி, அணி, திணி என்று வந்தால் இங்கே பணி. மட்டு, கட்டு, சிட்டன் என்று வந்தால் பட்டன். இப்படி இரண்டு பக்கமும் நெருக்கப்பட்ட ஒரு மூலை அந்தச் சொல். கவிஞர் தமக்குத் தாமே வெட்டிக்கொண்ட குழி என்றும் சொல்லலாம்.

இப்போது மூன்றாம் பாட்டுக்கு வாருங்கள். விண், செண், தண் என்று ணகர ஒற்று எதுகையாக ஓடி வருகிறது. இறைவன் என் கண்ணைப் பறித்துக்கொண்டான் என்று சொல்லி மூன்றாம் அடி முடிகிறது. அடுத்த அடி பகரத்தில் தொடங்கியாக வேண்டும், இரண்டாம் எழுத்து ணகர ஒற்றாக இருந்தாக வேண்டும், இறைவனை அழைப்பதாகவும் இருக்க வேண்டும். என்ன சொல் கிடைக்கும்? பண்ப. பண்புடையவனே!

கண்ணைப் பிடுங்கிக்கொண்டவனை அடுத்த மூச்சில் பண்பாளனே என்கிறார். என் ஆசிரியர் ஒருவர் இதை ஏச்சு என்றே சொல்லிக் கொடுத்தார். நல்ல காரியம் செய்தாய் ஐயா, நீ பெரிய மனுஷன் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தத் தொனி. சுந்தரர் வாய்க்கு அது பொருந்தாதது என்று சொல்ல முடியாது. வன்தொண்டர் என்று பெயர் எடுத்தவர். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் பட்டது. இப்போது அதோடு இன்னொன்றும் கேட்கிறது. பண்பு என்றால் பிறர் இயல்பறிந்து நடப்பது என்று கலித்தொகை இலக்கணம் சொல்கிறது. இந்த வழக்கில் சிவன் யார் இயல்பறிந்து நடந்தான்? யார் பக்கம் நின்றான்? சங்கிலி பக்கம். சுந்தரர் என் குற்றத்துக்காகக் கண்ணை எடுத்தாய் என்று சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். சங்கிலிக்காக எடுத்தாய் என்கிறார். ஏமாற்றப்பட்ட பெண்ணின் பெயரைப் பாட்டின் நடுவே நிறுத்தி, அவளுக்காக நின்றவனைப் பண்புள்ளவனே என்று அழைத்தால் அது ஏச்சு மட்டும்தானா? நீ செய்தது நியாயம், ஆனால் எனக்கு வலிக்கிறது என்று ஒரே சொல்லில் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தச் சொல்லை அவர் தேடிப் போனாரா, யாப்பு அவர் கையில் கொண்டுவந்து கொடுத்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நல்ல பாட்டில் அதைப் பிரிக்க முடியாது.

அதே பாட்டில் இன்னொன்று. ஊர்ப் பெயர் பத்துப் பாட்டிலும் வருகிறது. ஒன்பது பாட்டில் அது மூன்றாம் அடியில் வருகிறது. விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாட்டில் மட்டும் முல்லைவாயில் இரண்டாம் அடிக்கு ஏறிவிடுகிறது. மூன்றாம் அடியின் இடத்தை வேறோர் ஊர் பிடித்துக்கொண்டது. ஒற்றியூர். உடம்பு முல்லைவாயிலில் நிற்கிறது, மனம் நின்ற ஊர் வேறு. வரிகளை எண்ணிப் பார்க்காதவனுக்கு இது தெரியாது. எண்ணிப் பார்க்காமலே கேட்கிறவன் காதுக்கும் ஏதோ இடறியிருக்கும்.

இனி நான்காம் பாட்டு. தமிழாசிரியனாக இருந்த காலத்தில் வகுப்பில் இந்தப் பாட்டைத் தாண்டிப் போனவன் நான். வருணனைப் பாட்டு, தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அந்தக் குற்றத்தை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

என்ன இருக்கிறது அதில்? வயல். அதில் புதிய மணம். வண்டுகள் பாடுகின்றன. தாமரைப் பூவை மெத்தையாக்கிக்கொண்டு ஒரு நண்டு உறங்குகிறது. அது எழுந்து வந்து உலாவுகிறது. சேறு. செந்நெல். அவ்வளவுதான். என் கண்ணை எடுத்துக்கொண்டாயே என்ற பாட்டுக்கு அடுத்த பாட்டு இது! முதலில் மணம் வருகிறது, அப்புறம் ஓசை வருகிறது, இந்த இரண்டுக்கும் கண் வேண்டாம். பிறகு வண்டின் மேல் புள்ளியும் வரியும் தெரிகின்றன. பிறகு பூ, பூவின் மேல் நண்டு, நண்டின் தூக்கம். மூக்கிலும் காதிலும் தொடங்கி, கண்ணுக்குள் ஒருவர் மெல்ல நுழைந்துவிட்டார்.

இங்கே ஒருவர் எழுந்து ஆட்சேபிப்பார். ஆட்சேபிக்கவும் வேண்டும். ஐயா, தேவாரத்தில் வயலும் வண்டும் நண்டும் வராத பதிகம் எது? இதெல்லாம் மரபு வருணனை, ஊர் மாறினாலும் இதே நண்டுதான் என்பார். உண்மைதான். சேக்கிழார் சொல்லும் வழியில் பார்த்தால் சுந்தரர் கண்ணோடு முல்லைவாயில் வயலைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. அப்படியென்றால் அவர் பாடிய வயல் எங்கிருந்து வந்தது? அவருக்கு முன்னே பாடிய சம்பந்தரும் அப்பரும், அவர்களுக்கு முன்னே மருதம் பாடிய புலவர்களும் பார்த்துப் பார்த்து வைத்த வயல் அது. தம் கண் போனபோது அவர் அந்தக் கண்களைக் கடன் வாங்கிக்கொண்டார். மரபு என்றால் தேய்ந்த சொல் என்று நினைத்திருந்தேன். அது கை கொடுக்கிற இடமும் உண்டு என்று இந்த நண்டுதான் எனக்குச் சொன்னது.

இதற்குச் சாட்சியும் பாட்டிலேயே இருக்கிறது. பத்துப் பாட்டில் ஒன்பது பாட்டின் கடைசி அடியில் துயர் என்ற சொல் உண்டு. நான்காம் பாட்டில் இல்லை. தாளைப் பாருங்கள். துயரைக் களை என்று கேட்க வேண்டிய இடத்தில், தமிழால் பாடுகிற எனக்கு அருள் செய் என்று மாற்றிக் கேட்கிறார். நண்டைக் கண்ட பாட்டில் துயர் இல்லை. தமிழ் இருக்கிறது. பல்லவியை அப்படியே திருப்பித் திருப்பிப் பாடும் பதிகத்தில், அது மாறுகிற ஓர் இடத்தை வாசகன் விட்டுவிடக் கூடாது.

ஐந்தாம் பாட்டில் ஓர் ஆறு வருகிறது. அதன் பெயர் பாலி. பாலாறுதான். பாலாற்றின் வடகரையில் முல்லைவாயில் என்கிறார். ஆவடிக்காரர்கள் சிரிக்கிறீர்கள். திருமுல்லைவாயிலில் பாலாறு எங்கே? இன்றைய பாலாறு காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஓடி, கல்பாக்கத்துப் பக்கம் கடலில் விழுகிறது. ஆனால் அது ஒரு காலத்தில் வடகிழக்காக ஓடியது, கொசஸ்தலையாற்றின் தடம் பழைய பாலாற்றுத் தடம் என்று நிலவியலார் சொல்வதுண்டு. அதற்குச் சாட்சியாகச் சுந்தரரைக் கூண்டில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. ஆறு அடித்துக்கொண்டு வரும் பொருள்களின் பட்டியல் மரபுப் பட்டியல். சந்தன வேர், அகில் கட்டை, மயில் பீலி, யானைத் தந்தம், முத்து, பவளம். மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் பவளம் எப்படி வரும் என்று மரபு கவலைப்படுவதில்லை. ஆற்றின் பெயரை மட்டும் மரபு கொடுத்திருக்க முடியாது. கரையில் இருந்தவர்கள் யாரோ சொல்லி அவர் கேட்டிருக்க வேண்டும்.

பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். வேர், கட்டை, பீலி, தந்தம், முத்து, பவளம். மூக்கால் தெரிந்துகொள்ளலாம், இல்லையென்றால் கையால் தடவித் தெரிந்துகொள்ளலாம். ஏழாம் பாட்டில் நிறமே வந்துவிடுகிறது. ஆடும் பெண்களின் சிவந்த வாய், வெளுத்த பல், கறுத்த கூந்தல். எட்டாம் பாட்டில், நான் தேடித் திரிந்து 'கண்ட' பொன்னே என்று காணுதல் என்ற வினையே வருகிறது. எடுத்த எடுப்பில் நிறம் வரவில்லை. மணம், ஓசை, தொடு உணர்வு, நிறம், பிறகு காட்சி. இந்த ஏற்பாட்டைச் சுந்தரர் திட்டமிட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மகிழமரத்தடியில் நிற்கவைத்தாலும். பாட்டு அந்த வழியாகப் போயிருக்கிறது. அது போதும்.

இன்னொரு நூல் இந்தப் பாட்டுக்குள் ஓடுகிறது. அது கட்டு. ஐந்தாம் பாட்டில் பந்தனையைக் கெடு என்கிறார். எட்டாம் பாட்டில் திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி, நீ என் அடிமை என்று தம்மைப் பிடித்துக்கொண்டதை நினைவுபடுத்துகிறார். ஒன்பதாம் பாட்டில் மார்க்கண்டேயனைக் கட்ட வந்த காலன் காலால் உதைபடுகிறான். பத்தாம் பாட்டில் தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கட்டுண்டு நிற்கிறது. ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். தொண்டைமான் யானை மேல் வருகிறான். யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான். கொடியின் கீழே லிங்கம். வெட்டுக்காயத்தைச் சொல்லித்தான் அங்கே மூலவர் சந்தனக் காப்புக்குள்ளேயே இருக்கிறார். நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துத் திரும்பி இருப்பதும், சந்நிதி முன்னால் இரண்டு எருக்கந்தூண் நிற்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தவை.

யானையைச் சங்கிலியால் கட்டுவார்கள். இங்கே கொடி கட்டியது. சுந்தரரைக் கட்டியவள் பெயர் சங்கிலி. பெயரை வைத்து ரொம்பவும் விளையாடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதோடு விடுகிறேன். ஆனால் பல்லவியின் முதல் விளி பாசுபதா என்பதை மறக்க முடியவில்லை. பசு என்றால் கயிற்றில் கட்டுண்ட உயிர். பசுபதி அதற்குத் தலைவன். ஆக, திரும்பத் திரும்ப வரும் அந்த இரண்டு விளிகளில் ஒன்று கட்டுண்டவன் அழைப்பது, மற்றது இருட்டில் இருப்பவன் அழைப்பது. சுந்தரருக்கு அன்று இருந்த இரண்டு கஷ்டமும் அவைதாம். யாப்பு என்ற சொல்லுக்கும் கட்டுதல் என்றுதான் பொருள். ஏழு சீரிலும் இரண்டு எழுத்திலும் தம்மைக் கட்டிக்கொண்டு கட்டை அவிழ் என்று கேட்கிறார் மனிதர்.

வேண்டுதலின் தோரணையையும் சொல்ல வேண்டும். முதல் பாட்டைப் பணிவான மன்னிப்பு என்று நினைத்து வாசித்தால் ஏமாந்துபோவோம். உன் காலடியே எனக்குச் செல்வம் என்று இருந்துவிட்டேன், அதனால் ஒருவரையும் மதிக்கவில்லை, செய்யத் தகாததைச் செய்தேன், உன்னோடு பிணங்கியும் திரிந்தேன் என்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி ஆரம்பித்து, காரணம் நீதான் என்று முடிக்கிற பேச்சு. ஆறாம் பாட்டில் இன்னும் கூர்மை. நான் பெற்ற பேறு யார் பெற்றார்? குற்றம் செய்தாலும் குணமாக எடுத்துக்கொள்வது உன் வழக்கம், அந்தத் தைரியத்தில்தான் மிஞ்சிப்போனேன் என்கிறார். செல்லம் கொடுத்துக் கெடுத்தவனே நீ என்பதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. அதே மூச்சில், பற்றுக்கோடு இல்லாதவன் நான் என்று உடைந்தும் போகிறார். தோழன் பேசுவதும் பிள்ளை பேசுவதும் வக்கீல் பேசுவதும் ஒரே பாட்டில் கலந்து வருகின்றன. இதற்கு நேர் மாறாக, ஒற்றியூரில் கண் போனவுடன் பாடிய பதிகத்தில் வெறும் அவமானம் கொதிக்கிறது. வீட்டுப் பெண்கள்கூடக் கூப்பிடாதே போ குருடா என்பார்களே, அதை எப்படித் தாங்குவேன் என்று புலம்புவார். முல்லைவாயிலுக்கு வரும்போது அந்தக் கொதிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

சரி, பத்து முறை கேட்டாரே, என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பதிகம் பாடினார், அற்புதம் நடந்தது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, திருமுல்லைவாயில் ஓர் ஏமாற்றம். சேக்கிழார் அங்கே அற்புதம் எதையும் வைக்கவில்லை. சுந்தரர் பாடினார், வணங்கினார், மேலே நடந்தார். அவ்வளவுதான். பதினோராம் பாட்டை அந்த நினைப்போடு வாசியுங்கள். அதில் பல்லவி இல்லை. வேண்டுதல் நின்றுவிட்டது. ஐந்தும் ஐந்தும் என்று பத்துப் பாட்டையும் எண்ணிச் சொல்லிவிட்டு, இதைப் பாடுகிறவர்களுக்கு நரை, திரை, மூப்பு வராது என்று பலன் சொல்கிறார். பலன் பட்டியலில் கண் இல்லை. தமக்குக் கிடைக்காததை அவர் பிறருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு இந்தப் பதிகத்தில் மிகவும் பிடித்த நேர்மை அது.

அடுத்து அவர் போன ஊர் திருவெண்பாக்கம். அங்கே பாடிய பதிகத்தில், கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீர் போம் என்று யாரோ அந்நியரிடம் பேசுவதுபோலப் பதில் வருகிறது. கண்ணுக்குப் பதில் ஊன்றுகோல் ஒன்று கிடைக்கிறது. அந்த ஊரை இன்று பார்க்க முடியாது. கொசஸ்தலையாற்றில் அணை கட்டி 1944இல் உருவான பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை மட்டும் மேட்டுக்குக் கொண்டுவந்து ஊன்றீசுவரர் கோயில் என்று வைத்திருக்கிறார்கள். பூண்டித் தண்ணீர் செங்குன்றம் ஏரி வழியாகச் சென்னைக்கு வருகிறது. சுந்தரர் கோல் வாங்கிய ஊரின் மேல் நின்ற தண்ணீரை நம்மில் பலர் குடித்திருக்கிறோம்.

பிறகு காஞ்சியில் இடக்கண் வருகிறது. அங்கே பல்லவி வியப்பு. காண்பதற்கு எனக்குக் கண் கிடைத்ததே என்று ஒவ்வொரு பாட்டும் முடியும். ஒற்றியூர்ப் பாட்டு, முல்லைவாயில் பாட்டு, இந்தக் காஞ்சிப் பாட்டு மூன்றும் தக்கேசிதான் என்பதைப் பண் ஆராய்ச்சிக்காரர்கள் யாராவது விரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். கடைசியில் ஆரூர். வலக்கண் கேட்டு அங்கே பாடியதில் பல்லவி வேறு தினுசு. அடியார் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற நீங்கள் நன்றாக வாழுங்கள் என்று வாழ்த்துகிற மாதிரி ஏசுவார். இரண்டு கண்ணும் இல்லாதபோது கெஞ்சியவர், ஒரு கண் வந்ததும் சண்டைக்கு நிற்கிறார்! மனித சுபாவம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பல்லவிகளை மட்டும் வரிசையாக எழுதி வைத்தாலே ஒரு மனிதன் நோயில் படும் பாடு முழுவதும் வந்துவிடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். முல்லைவாயில் சுவாமி பெயர் மாசிலாமணீசுவரர், அம்பாள் பெயர் கொடியிடை நாயகி. மாசிலாமணி என்ற சொல் ஐந்தாம் பாட்டில் இருக்கிறது. கொடியிடை இரண்டாம் பாட்டில் இருக்கிறது. தினமும் அர்ச்சனையில் நீங்கள் கேட்கும் பெயர்கள் இந்தப் பதிகத்தில் புழங்கியவை. பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், முல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று கோயிலையும் ஒரே நாளில் பார்க்கிற வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. ஒற்றியூரிலிருந்து முல்லைவாயில் வரை சுந்தரர் கண்ணில்லாமல் நடந்த வழியை அவர்கள் காலையில் கிளம்பி சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அடுத்த பௌர்ணமிக்குப் போகிறவர்கள் இந்தத் தாளையும் கையில் எடுத்துப் போங்கள்.

போனால், நான்காம் பாட்டை அங்கே உட்கார்ந்து ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். செந்நெல் வயல் இப்போது அங்கே இல்லை. 1964இல் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது, பிறகு பிளாட்டுகள் வந்தன, வயல் போன இடம் எல்லோருக்கும் தெரியும். வயலைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதில் நமக்கும் சுந்தரருக்கும் வித்தியாசம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு படித்தாலும் பரவாயில்லை. நண்டு எந்த அடியில் எழுந்து நடக்கிறது என்று மட்டும் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்.